கண்ணாடிக்காரரும் 1,808 கெஜமும்

கெஜம் என்ற அளவை நாம் புடவைக்கு மட்டும்தான் மிச்சம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் அதை வைத்து ஓடுகிற ஆளுக்குச் சம்பளம் பேசுகிறார்கள். அவர்களுடைய கால்பந்தில் ஓர் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும். மடிசார் புடவையைவிட ஒரே ஒரு கெஜம் அதிகம். இதென்ன பிரமாதம் என்று தோன்றும். எதிரே பதினொரு பேர், அவர்களில் பலர் நூறு கிலோவைத் தாண்டியவர்கள், அந்தப் பத்து கெஜத்தைத் தரமாட்டோம் என்று மறித்து நிற்கும்போதுதான் அதன் நீளம் தெரியும்.

1983ஆம் ஆண்டு சீசனில், அப்படி மறித்து நின்றவர்களுக்கு நடுவே புகுந்து 1,808 கெஜம் ஓடினார் ஒரு 23 வயது இளைஞர். பெயர் எரிக் டிக்கர்சன். அணி, லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ். தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அது முதல் ஆண்டு. முதல் ஆண்டுக்காரரை அங்கே ‘ரூக்கி’ என்பார்கள். நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. அவருக்குப் பிறகு எத்தனையோ ரூக்கிகள் வந்தார்கள், பெரிய நட்சத்திரங்களாகவும் ஆனார்கள். அந்த 1,808ஐ ஒருவரும் தொடவில்லை.

ஏன் தொடவில்லை? பின்னால் வந்தவர்களுக்குத் திறமை போதவில்லையா? கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது.

பந்து கைக்கு வந்த நொடி

டிக்கர்சன் செய்த வேலைக்கு ‘ரன்னிங் பேக்’ என்று பெயர். குவாட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. பந்தை எறிவார், அல்லது பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் திணிப்பார். திணித்த நொடியிலிருந்து எதிரணி முழுக்க அந்த ஒருவர் மேல்தான் பாயும். கபடியில் பாடிப் போகிறவருக்கு நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடிவர வழி உண்டு. இவருக்குப் பின்னால் ஓடிப் பயனில்லை. இடித்தாலும் விழுந்தாலும் முன்பக்கம்தான். விழுந்து எழுந்தால் அரை நிமிடத்தில் மறுபடி பந்து.

முன்னால் ஐந்து தடியர்கள் வழிவிலக்கிக் கொடுப்பார்கள். அவர்கள் திறக்கும் சந்து ஒரு நொடிகூட நிலைக்காது. எந்தச் சந்து திறக்கும், எது மூடும் என்பதை ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கணக்கு தேவையில்லை. குவாட்டர்பேக் தேறிவர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். ரன்னிங் பேக் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஓடத் தொடங்கிவிடுவார். இந்த ஒரு வசதிதான் அவருடைய வரமும் சாபமும். கால்கள் புதிதாக இருக்கும்போதே முழுத் திறமையும் வெளிப்பட்டுவிடுகிறது. அடிபட்டுத் தேயத் தொடங்குவதும் அதே நாளில்தான்.

சீலி ஊர்ப் பையன்

டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு மேற்கே சீலி என்றொரு சிற்றூர். 1960 செப்டம்பர் 2 அன்று பிறந்த டிக்கர்சனை வளர்த்தவர் வயோலா என்ற பாட்டி முறை உறவினர். பள்ளியில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டெக்சஸின் பெரிய கல்லூரிகள் எல்லாம் வாசலில் வந்து நின்றன. டல்லாஸில் இருக்கும் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிரெய்க் ஜேம்ஸ் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கும் அவரும் மாறி மாறி ஓடினார்கள். பயிற்சியாளர் பந்தைப் பங்குபோட்டுக் கொடுத்தார். பிற்காலத்தில் டிக்கர்சன் கால் நீடித்ததற்கு அந்தப் பங்கீடும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. மாணவ வீரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு, 1987இல் ஒரு சீசன் முழுக்கவே ஆடக்கூடாது என்று தண்டனை பெற்றது. அப்போது டிக்கர்சன் அங்கிருந்து வெளியேறி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1983 ஏப்ரலில் நடந்த டிராஃப்ட், அதாவது கல்லூரி முடித்தவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள், குவாட்டர்பேக்குகளின் திருவிழா என்றே இன்றும் பேசப்படுகிறது. ஜான் எல்வே, ஜிம் கெல்லி, டேன் மரினோ உட்பட முதல் சுற்றில் ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். எல்வே முதல் ஆள். இரண்டாவது டிக்கர்சன். மூன்றாவதும் ஒரு ரன்னிங் பேக்: பென்சில்வேனியாவிலிருந்து வந்த கர்ட் வார்னர், சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்கு. இந்த மூன்றாவது பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

390 தடவை

ராம்ஸ் அப்போது நொந்துபோன அணி. வேலைநிறுத்தத்தால் பாதியாகக் குறைந்த 1982 சீசனில் ஒன்பது ஆட்டத்தில் இரண்டே வெற்றி. புதிய பயிற்சியாளராக ஜான் ராபின்சன் வந்தார். சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரே ஆளிடம் பந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்து எதிரணியைக் களைக்கவைத்துப் பெயர் வாங்கியவர். அவர் கையில் டிக்கர்சன் கிடைத்தது பசித்தவனுக்கு இலைபோட்ட மாதிரி.

ஆறு அடி மூன்று அங்குலம், ஏறக்குறைய நூறு கிலோ. கிட்டப்பார்வை என்பதால் கனத்த கண்ணாடி பதித்த காகிள்ஸ். கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்த பட்டை. வெல்டிங் பட்டறையிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்தவர் போல இருப்பார். பந்தை வாங்கிவிட்டால் தோற்றமே மாறிவிடும். ரன்னிங் பேக் குனிந்து ஓட வேண்டும், அடிபடும் பரப்பைக் குறைக்க வேண்டும் என்பது பாலபாடம். டிக்கர்சன் நிமிர்ந்து ஓடினார், நூறு மீட்டர் பந்தயக்காரரைப் போல, முழங்காலை உயர்த்தி. அவசரமே தெரியாது. பக்கத்தில் ஓடினால்கூடக் காலடிச் சத்தம் கேட்காது என்று ராபின்சன் வியந்து சொல்லியிருக்கிறார்.

அந்த அணியின் முத்திரை ஆட்டத்துக்கு ‘47 கேப்’ என்று பெயர். வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்கள் எதிரிகளை உள்பக்கமாகத் தள்ளிச் சாய்ப்பார்கள். இடப்பக்கத்திலிருந்து ஒருவர் வரிசையை விட்டு விலகிச் சுற்றிவந்து, திறந்த சந்தில் முன்னே நுழைவார். அவர் முதுகைப் பார்த்தபடி டிக்கர்சன். எதிரணிக்கு இது வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

அந்த ஆண்டு 16 ஆட்டங்களில் அவர் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டது 390 தடவை. ஓடிய ஓட்டத்தில் 18 டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியது. இது போதாதென்று, எறிந்த பந்துகளில் 51ஐப் பிடித்து மேலும் 404 கெஜம், இரண்டு டச் டவுன். குறையும் சொல்லியாக வேண்டும்: 13 முறை பந்தை நழுவவிட்டார். வேறு ரூக்கியாக இருந்தால் இரண்டாம் மாதமே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ராபின்சன் உட்காரவைக்கவில்லை. அவருக்கு முன் ரூக்கி சாதனையை வைத்திருந்தவர் நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜார்ஜ் ரோஜர்ஸ். 1981இல் 1,674 கெஜம். டிக்கர்சன் அதை 134 கெஜம் தாண்டினார்.

அணிக்கு என்ன கிடைத்தது? ஒன்பது வெற்றி, ஏழு தோல்வி, நாக் அவுட் சுற்றில் இடம். முதல் ஆட்டத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸை அவர்கள் ஊரிலேயே 24-17 என்று வென்றார்கள். அடுத்தது வாஷிங்டனில், நடப்பு சாம்பியனோடு. 51-7 என்று தோற்றார்கள். ஒரு ரன்னிங் பேக் எவ்வளவு தூரம் ஓர் அணியைத் தூக்கிச் செல்லலாம், எங்கே அவரால் முடியாது என்பதை ஒரே வாரத்தில் காட்டிவிட்டன இந்த இரண்டு ஆட்டங்களும்.

மூன்றாவது பெயர்

இப்போது கர்ட் வார்னர். டிராஃப்டில் டிக்கர்சனுக்கு அடுத்த எண். அதே 1983இல் 1,449 கெஜம் ஓடி, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் பிரிவில் முதலிடம். இவர்களுடைய லீகான என்.எஃப்.எல். இரண்டு பிரிவுகளாக ஆடும். அந்த ஆண்டு இரண்டிலும் அதிகம் ஓடியவர்கள் ரூக்கிகள். சியாட்டில் அணி அதுவரை நாக் அவுட் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. வார்னர் வந்த ஆண்டில் டென்வரையும் மயாமியையும் வீழ்த்தி, இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை போனது. தாக்கம் என்று பார்த்தால் டிக்கர்சனைவிட வார்னர்தான் பெரிது என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கமாட்டேன்.

1984 சீசனின் முதல் ஆட்டத்திலேயே வார்னரின் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு அதோடு முடிந்தது. பிறகு திரும்பி வந்து 1986இல் 1,481 கெஜம் ஓடினார் என்பது அவருடைய மனவுறுதி. ஆனால் முதல் ஆண்டு வார்னரைப் பார்த்தவர்கள் பிறகு பார்த்தது வேறொரு வார்னரை.

அதே 1984இல் டிக்கர்சன் 2,105 கெஜம் ஓடினார். ஓ.ஜே. சிம்சனின் 2,003 என்ற சாதனையை டிசம்பர் 9 அன்று அனஹெய்மில் ஹூஸ்டன் அணிக்கு எதிராகக் கடந்தார். ஒரு சீசனில் அதிகம் ஓடியவர் என்ற பட்டியலில் இன்றும் முதலிடம் அதுதான். இருவரும் ஒரே வேலை, ஒரே ஆண்டில் தொடக்கம், அடுத்தடுத்த எண். நடுவில் ஒரு முழங்கால்.

சிகாகோ அணியின் ரன்னிங் பேக் கேல் சேயர்ஸ் கதையும் இதே வரிசையில்தான். 1965இல் ரூக்கியாக 22 டச் டவுன். அதில் ஆறு, சேறாய்க் கிடந்த ரிக்லி ஃபீல்டில் ஒரே நாளில். ரூக்கிகளில் அந்த 22ஐ இதுவரை யாரும் மிஞ்சவில்லை. முழங்கால்கள் விட்டுக்கொடுத்ததால் மொத்தம் 68 ஆட்டங்களோடு அவர் ஓட்டம் முடிந்தது. 34 வயதில் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

சாதனை ஏன் நிற்கிறது

இங்கேதான் கணக்குக்கு வர வேண்டும். 1,808ஐ 390ஆல் வகுத்தால் ஒரு ஓட்டத்துக்கு 4.6 கெஜம். நல்ல சராசரி, ஆனால் அதிசயமில்லை. 2016இல் டல்லாஸின் ஈசக்கியேல் எலியட் ரூக்கியாக 322 ஓட்டத்தில் 1,631 கெஜம் எடுத்தார், சராசரி 5.1. 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் சக்வான் பார்க்லி 261 ஓட்டத்தில் 1,307, சராசரி 5.0. இவர்கள் சராசரியிலேயே 390 தடவை ஓடியிருந்தால் இருவரும் 1,900ஐத் தாண்டியிருப்பார்கள். களைப்புக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் 1,808 எட்டாத கனியல்ல.

ஆக, சாதனையைக் காப்பது டிக்கர்சனின் வேகம் மட்டுமில்லை. ஒரு ரூக்கியிடம் 390 தடவை பந்தைக் கொடுக்க இன்று எந்தப் பயிற்சியாளரும் தயாராக இல்லை. எறிதல் பெருத்துவிட்டது, ஓட்டத்தை இரண்டு மூன்று பேருக்குப் பங்கிடுகிறார்கள். ஒரே மனிதரைச் செக்கில் பூட்டிய காலம் போய்விட்டது. போனது நல்லதுதான். ஆனால் பூட்டை அவிழ்த்தபோது கூடவே ரன்னிங் பேக்கின் மதிப்பையும் கழற்றிவிட்டார்கள்.

அந்த மதிப்புக் குறைப்புக்கு ஆதாரம் காட்ட, வேடிக்கையாக, டிக்கர்சனின் கதையையே எடுக்கலாம். முதல் நான்கு சீசன்களில் ராம்ஸுக்காக அவர் ஓடியது 1,465 தடவை, 6,968 கெஜம். அதற்கு ஏற்ற சம்பளம் கேட்டார். இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1987 அக்டோபர் 31 அன்று மூன்று அணிகள் சேர்ந்த ஒரு பேரத்தில் அவரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். ராம்ஸுக்குக் கிடைத்தது மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள், மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், இரண்டு ரன்னிங் பேக்குகள். நடந்தது என்ன? அந்த ஆண்டு லீகிலேயே அதிகம் ஓடியவர் சார்ல்ஸ் வைட், 1,374 கெஜம். எந்த அணி? ராம்ஸ். டிக்கர்சன் விட்டுப்போன அதே இடத்தில், அதே தடுப்பு வரிசைக்குப் பின்னால். அடுத்த ஆண்டு, பேரத்தில் வந்த கிரெக் பெல் 1,212 கெஜம் ஓடினார். ‘ஆள் யாராயிருந்தாலும் வரிசை ஓட்டிவிடும்’ என்று முதலாளிகள் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் மறுபக்கம் பாருங்கள். 1988இல் லீகில் முதலிடம் 1,659 கெஜத்தோடு இண்டியானாபொலிஸின் டிக்கர்சன். வேறு ஊர், வேறு வரிசை. வரிசை முக்கியம், ராம்ஸின் தடுப்பாட்டக்காரர் ஜாக்கி ஸ்லேட்டர் போன்றவர்கள் முன்னே நிற்காமல் 1,808 வந்திருக்காது. ஆளும் முக்கியம். இரண்டு சாட்சியில் முதலாளிகள் தங்களுக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் தீர்ப்பு.

முதலாளிகளுக்கு இன்னொரு சாக்கு, டெரல் டேவிஸ் என்ற ரன்னிங் பேக். 1995 டிராஃப்டில் 196ஆவது ஆளாக, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் டென்வர் எடுத்த பையன். டோக்கியோவில் நடந்த பயிற்சி ஆட்டத்துக்குப் போனபோது, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று விமானம் பிடித்து ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்தவர். அந்த ஆட்டத்தில் அவர் கொடுத்த ஒரே ஒரு அடி பயிற்சியாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ரூக்கியாக 1,117 கெஜம். நான்காவது ஆண்டில் 2,008. இரண்டு சூப்பர் பௌல். ஐந்தாவது ஆண்டின் நான்காவது ஆட்டத்தில் முழங்கால். 196ஆவது ஆளே இவ்வளவு தருவார் என்றால் இரண்டாவது ஆளுக்கு ஏன் காசு கொட்ட வேண்டும்? 2013, 2014, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எந்த அணியும் எடுக்கவில்லை.

ஆறு ஆண்டுக் குத்தகை

2011இல் லீகும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் ரூக்கிச் சம்பளத்துக்கு வரம்பு கட்டியது. டிராஃப்டில் வந்தவருக்கு நான்காண்டு ஒப்பந்தம். மூன்று சீசன் முடியும்வரை திருத்திப் பேச முடியாது. முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்வது அணியின் விருப்பம். அதற்கும் மேல் ‘ஃபிராஞ்சைஸ் டேக்’ என்றொரு முத்திரை குத்தி இன்னோர் ஆண்டு நிறுத்திவைக்கலாம். குவாட்டர்பேக்குக்கு இது பெரிய இழப்பில்லை. 35 வயதிலும் ஆடுவார். ரன்னிங் பேக்குக்கு இந்த ஆறு ஆண்டுகள்தான் வாழ்க்கையே.

பார்க்லி இதை முழுசாக அனுபவித்தவர். 2018இல், டிக்கர்சனைப் போலவே, இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். ஓட்டமும் பிடிப்பும் சேர்த்து ரூக்கியாக 2,028 கெஜம். இந்தக் கணக்கில் 2,000ஐத் தாண்டிய ரூக்கிகள் அதுவரை டிக்கர்சனும் 1999இல் எட்ஜரின் ஜேம்ஸும் மட்டுமே. அவ்வளவு செய்தும் ஜயன்ட்ஸ் ஐந்து வெற்றி, பதினொரு தோல்வி. 2020இல் முழங்கால் தசைநார் அறுந்தது, திரும்பி வந்தார். 2023இல் அவருக்கு டேக் குத்தினார்கள். ரன்னிங் பேக் டேக்கின் அன்றைய விலை 1.009 கோடி டாலர். நமக்குத் தலைசுற்றும் தொகை. அதே கோடையில் ஜஸ்டின் ஹெர்பர்ட் என்ற குவாட்டர்பேக் ஆண்டுக்கு 5.25 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஜூலையில், நாட்டின் முன்னணி ரன்னிங் பேக்குகள் ஜூம் அழைப்பில் கூடித் தங்கள் நிலைமையைப் பேசினார்கள். பேசி ஒன்றும் ஆகவில்லை. சங்கம் எல்லா வீரருக்கும் பொது. ஒரு வேலைக்காரருக்கு மட்டும் தனிச் சட்டம் போட மற்ற வேலைக்காரர்கள் கை தூக்கமாட்டார்கள்.

ஆறு சீசன் முடிந்து 2024 மார்ச்சில்தான் பார்க்லிக்கு விடுதலை. பரம எதிரியான பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். அந்த ஆண்டு 345 ஓட்டத்தில் 2,005 கெஜம். கடைசி ஆட்டம் மிச்சம் இருந்தது. எதிரே அவருடைய பழைய அணி ஜயன்ட்ஸ். இன்னும் 101 கெஜம் ஓடினால் டிக்கர்சனின் 2,105 காலி. தன் சாதனை உடைவதில் தனக்கு விருப்பமில்லை என்று டிக்கர்சன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். பெருந்தன்மை வேஷம் போடாத அந்த வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. தன் காலால் சம்பாதித்ததில் அந்த லீக் அவரிடம் விட்டுவைத்தது அந்த எண்களைத்தானே.

2025 ஜனவரி 5 அன்று பார்க்லி களமிறங்கவில்லை. நாக் அவுட் சுற்றுக்குக் கால் மிச்சம் இருக்கட்டும் என்று பயிற்சியாளர் நிக் சிரியானி உட்காரவைத்துவிட்டார். ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 9 அன்று, கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்று ஈகிள்ஸ் சூப்பர் பௌல் கோப்பையைத் தூக்கியது. டிக்கர்சன் தன் பதினோரு சீசனில் ஒருமுறைகூட ஆடக் கிடைக்காத ஆட்டம் அது. பார்க்லி அன்று 25 தடவை ஓடி 57 கெஜம் எடுத்தார். அன்று அவருக்குப் பிறந்தநாள். வயது 28.